மாடித் தோட்டத்தில் புதிய செர்ரி தக்காளி ரகம் உருவாக்குவது: முழுமையான வழிகாட்டி

இரண்டு தக்காளிச் செடிகளைக் கலப்புச் செய்வது பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு எந்தச் செடியை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கிப் போடுவது என்று தீர்மானிக்கும் வேலைதான் மூன்று, நான்கு வருடம் இழுக்கும். புதிதாக இறங்குபவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் கைவிடுவது என்னவோ இரண்டாம் வருடத்தில், லேபிள் அழிந்து, எந்த விதை எந்தச் செடியினுடையது என்று தெரியாமல் நிற்கும்போதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் பூவை விடத் தேர்வுக்கும் குறிப்பேட்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு கலப்பைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம், உயரம் போகாமல் குத்தாக நிற்கும் செடி வகை நாட்டுத் தக்காளி. சிவப்புப் பழம், சுமார் 60 கிராம், நம் வெயிலில் நன்றாகக் காய்க்கும். இன்னொரு பக்கம் பிளாக் செர்ரி. கொடி வகை, கரும்பழுப்புப் பழம், சுமார் 15 கிராம், நல்ல ருசி. நமக்கு வேண்டியது: க்ரோ பேக்கில் அடங்கும் குத்துச்செடி, கரும்பழுப்புச் செர்ரி பழம், நம் ஊர் வெப்பத்தில் பிஞ்சு பிடிக்கும் குணம்.

1. இலக்கை முதலில் எழுதி வையுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று குணங்களை எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். தேடும் ஒவ்வொரு ஒடுங்கு பண்பும் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் குணம்) நீங்கள் வளர்க்க வேண்டிய செடிகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கும். மாடியின் அளவு அதற்கு ஈடு கொடுக்காது.

எழுதி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் தலைமுறையில் அழகழகாகப் பழங்கள் வரும். மஞ்சள் கோடு போட்டது, பேரிக்காய் வடிவம் என்று ஒவ்வொன்றும் ஆசை காட்டும். இலக்கு எழுத்தில் இல்லையென்றால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வீர்கள். எதுவும் முடிவுக்கு வராது.

2. தாய், தந்தைச் செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டுமே விதை எடுத்துப் போட்டால் அதே மாதிரி திரும்ப வரும் ரகங்களாக இருக்க வேண்டும். நாட்டு ரகங்களும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 போன்ற ரகங்களும் அப்படிப்பட்டவை. விதை பாக்கெட்டில் எஃப்-1 என்றோ ஹைபிரிட் என்றோ இருந்தால், அந்தச் செடிக்குள்ளேயே இரண்டு ரகங்கள் கலந்திருக்கின்றன. அதைப் பெற்றோராக வைத்தால் முதல் தலைமுறையே தாறுமாறாகப் பிரியும். எந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

ஹைபிரிட்டைத் தொடவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஜப்பானின் டொகிட்டா நிறுவனத்துச் சன் கோல்டு செர்ரி தக்காளி ஒரு ஹைபிரிட். அதன் பழத்திலிருந்து விதை எடுத்து விதைத்தால் அதுவே இரண்டாம் தலைமுறை. பூவைத் தொடப் பயப்படுபவர்கள் இப்படித் தொடங்கி, நேராக 9-ஆம் படிக்குப் போகலாம்.

எது ஓங்கும், எது ஒடுங்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சிவப்புச் சதை ஓங்கும், மஞ்சள் சதை ஒடுங்கும். கொடி வளர்ச்சி ஓங்கும், செடி வளர்ச்சி ஒடுங்கும். பழுத்த பிறகும் பச்சையம் மறையாமல் சிவப்போடு கலந்து தெரிவதுதான் கரும்பழுப்பு நிறம்; அது ஒடுங்கும். சாதாரண இலை ஓங்கும், உருளைக்கிழங்கு இலை போல ஓரத்தில் பல் இல்லாமல் அகன்றிருப்பது ஒடுங்கும். மஞ்சள் தோல் ஓங்கும், நிறமற்ற தோல் ஒடுங்கும். சிவப்புச் சதையின் மேல் நிறமற்ற தோல் இருந்தால் பழம் ரோஸ் நிறமாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு இலைக்கான மரபணுவும் செடி வளர்ச்சிக்கான மரபணுவும் ஆறாவது குரோமோசோமில் மிக அருகருகே இருக்கின்றன. ஒன்று ஒரு பெற்றோரிலும் மற்றொன்று இன்னொரு பெற்றோரிலும் இருந்தால், இரண்டும் சேர்ந்த செடி கிடைப்பது மிக அரிது. அந்தச் சேர்க்கையை முதல் முயற்சியில் இலக்காக வைக்காதீர்கள்.

இனி, எது தாய்? ஒடுங்கு பண்பு கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும் செடியைத் தாயாக வையுங்கள். நம் கலப்பில் அது குத்துச்செடி. கலப்புப் பிடித்திருந்தால் பிள்ளைச் செடி கொடியாக ஓடும்; பிடிக்காமல் தாயின் சொந்த மகரந்தமே சேர்ந்திருந்தால் தாய் போலவே குத்தாக நிற்கும். பூக்கும் பருவத்திலேயே உண்மை தெரிந்துவிடும். பெரிய பழ ரகத்தின் மொட்டும் பெரிது என்பது கூடுதல் வசதி. செர்ரி மொட்டைப் பிரிப்பது பழகாத கைக்குச் சிரமம்.

3. பட்டம் பார்த்து விதையுங்கள்

தக்காளிப் பூவுக்கு இரவு வெப்பம் 15 முதல் 21 டிகிரி வரை இருந்தால் இதம். பகல் 35-ஐத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். சித்திரை, வைகாசியில் கலப்புச் செய்தால் கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும் பூ உதிரும். பழகுபவர்கள் தங்கள் கைமேல் பழி போட்டுக்கொண்டு விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

சமவெளியில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பூ கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். விதைத்து 45 முதல் 55 நாளில் முதல் பூ வரும். அக்டோபர் கடைசியில் குழித்தட்டில் விதைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு நாற்றுகளைக் கூரைக்கடியில் வைத்துக் காப்பாற்றினால் கணக்குச் சரியாக வரும். தந்தைச் செடியை மட்டும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை விதையுங்கள். தாயில் மொட்டு இருக்கும் நாளில் தந்தையில் பூ இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும்.

பொருட்கள் அதிகம் வேண்டாம். கூர்முனை ட்வீஸர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறு கத்தரிக்கோல், ஸ்பிரிட், பேட்டரி டூத் பிரஷ், கறுப்பு நிறச் சிறு தட்டு, வண்ண நூல், பென்சில். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் வலைத்துணிப் பைகளைச் சேர்த்து வையுங்கள், பின்னால் நிறைய தேவைப்படும்.

4. மொட்டைத் திறந்து ஆண் பாகத்தை நீக்குதல்

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கூம்பாக நிற்கும், நடுவில் சூல்முடி. பூ விரியும் நேரத்தில் கூம்பின் உட்பக்கம் வெடித்து, தன் மகரந்தத்தைத் தன் சூல்முடி மேலேயே கொட்டிக்கொள்ளும். அதற்கு முந்தைய நாளே நாம் கூம்பை எடுத்துவிட வேண்டும்.

சரியான மொட்டு எது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது பூங்கொத்தைப் பாருங்கள். பச்சைப் புல்லி இதழ்கள் விலகி, உள்ளே அல்லி இதழ்களின் நுனி வெளியே வந்திருக்க வேண்டும். அந்த இதழ்கள் வெளிறிய பச்சை கலந்த மஞ்சளாக, இன்னும் ஒன்றையொன்று அணைத்தபடி நிற்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சளாகி இதழ் மடங்கத் தொடங்கிவிட்டால் நேரம் கடந்துவிட்டது. இதழே வெளியே வராத சின்ன மொட்டு என்றால் சூல்தண்டு மிக மெல்லியது, தொட்டால் ஒடியும்.

மாலையில் செய்யுங்கள், வெயில் தணிந்திருக்கும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மொட்டின் காம்பை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்வீஸர் நுனியால் இதழ்களை விலக்கி, கூம்பின் பக்கவாட்டில், அடிக்குச் சற்று மேலே, ஒரு கீறல் போடுங்கள். அந்தக் கீறலில் நுனியை நுழைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் கூம்பு பிரிந்து வரும். பெரும்பாலும் இதழ்களும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் கெடுதல் இல்லை. நேர் மேலே இழுக்காதீர்கள், சூல்தண்டும் கூடவே வந்துவிடும்.

முடிந்ததும் லென்ஸில் பாருங்கள். மிளகை விடச் சின்னதாக ஒரு பச்சை உருண்டை, அதன் மேல் மெல்லிய தண்டு, நுனியில் ஈரமாக மினுங்கும் ஒரு புள்ளி. இவை மட்டுமே இருக்க வேண்டும். மஞ்சளாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். எடுத்த கூம்பை நகத்தில் தட்டிப் பாருங்கள். வெண்பொடி உதிர்ந்தால் மகரந்தம் ஏற்கெனவே வெடித்துவிட்டது, அந்தப் பூவைக் கிள்ளிப் போடுங்கள்.

அந்தக் கொத்தில் இரண்டு, மூன்று பூக்களுக்கு மேல் வைக்காதீர்கள். விரிந்த பூ, பிடித்த பிஞ்சு, நுனியில் இருக்கும் பொடி மொட்டுகள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். பக்கத்தில் வேறு காய் வளர்ந்தால் செடி சத்தை அதற்குத்தான் அனுப்பும், காயம் பட்ட பூ உதிரும்.

5. மகரந்தம் சேகரித்துத் தடவுதல்

மறுநாள் காலை, பனி உலர்ந்த பிறகு, எட்டிலிருந்து பத்து மணிக்குள் தந்தைச் செடியில் நன்றாக விரிந்து இதழ் பின்னால் மடங்கிய பூவைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் தட்டை அதன் அடியில் பிடித்துக்கொண்டு, ஓடும் டூத் பிரஷின் முதுகைப் பூக்காம்பில் வையுங்கள். அதிர்வில் வெண்மையான தூள் தட்டில் விழும். வெள்ளைத் தட்டில் இது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் கறுப்பு.

டூத் பிரஷ் இல்லையென்றால் பூவைப் பறித்து, கூம்பை நீளவாக்கில் கிழித்து, உட்பக்கத்தைச் சூல்முடியில் தேய்த்தாலும் போதும். தூளை எடுத்தால் ஒரே பூவின் மகரந்தத்தில் பல மொட்டுகளை முடிக்கலாம் என்பதுதான் வித்தியாசம்.

தட்டைச் சாய்த்து, சூல்முடி தூளில் தோயும்படி செய்யுங்கள். நுனி வெள்ளையாக மாறியது லென்ஸில் தெரிய வேண்டும். அதற்கு அடுத்த நாள் காலையும் அதே பூவுக்கு ஒருமுறை தடவுங்கள். சூல்முடி சில நாட்கள் ஏற்கும் நிலையில் இருக்கும், இரண்டாவது தடவல் காப்பீடு மாதிரி.

ஒரு தந்தையிலிருந்து வேறு தந்தைக்கு மாறும்போது ட்வீஸரையும் விரலையும் ஸ்பிரிட்டால் துடைத்து, உலர விடுங்கள். ஸ்பிரிட் ஈரத்தோடு தொட்டால் நல்ல மகரந்தமும் செத்துவிடும்.

ஒரே நாளில் குறைந்தது எட்டு, பத்து மொட்டுகள் செய்யுங்கள். தொடக்கத்தில் பாதிக்கு மேல் உதிரும், அது இயல்புதான். நமக்குத் தேவை ஒரே ஒரு காய்.

6. அப்போதே அடையாளம் போடுங்கள்

தடவிய கையோடு இரண்டு வேலை. ஒன்று, அந்தப் பூவின் புல்லி இதழ்களில் இரண்டைப் பாதியாக வெட்டிவிடுங்கள். காய் பெரிதாகிப் பழுத்தாலும் அந்த வெட்டு அப்படியே இருக்கும். லேபிள் காற்றில் போனாலும் எது கலப்புக் காய் என்று தெரியும். இரண்டு, காம்பில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி, தாய், தந்தை, தேதி எழுதிய சிறு பிளாஸ்டிக் பட்டையைத் தொங்கவிடுங்கள். எப்போதும் தாயின் பெயர் முதலில்.

எழுதுவது பென்சிலால். மார்க்கர் மை நம் மாடி வெயிலில் சில மாதங்களில் வெளிறிவிடும்; பென்சில் எழுத்து வருடக் கணக்கில் நிற்கும். கூல் டிரிங்க்ஸ் டின்னை வெட்டி, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பள்ளமாகவே பதிந்துவிடும். நிரந்தர லேபிளுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு வாரத்தில் பச்சை உருண்டை பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. காம்பின் நடுவிலுள்ள முட்டு மஞ்சளானால் அது விழப்போகிறது.

7. விதை எடுத்தல்

காயைச் செடியிலேயே நன்றாகப் பழுக்க விடுங்கள். அவசரப்பட்டுப் பறித்தால் விதை பால் பிடிக்காமல் இருக்கும். கொஞ்சம் மிகுதியாகவே பழுத்துத் தோல் தளர்ந்தால் நல்லது.

பழத்தைக் கண்ணாடி டம்ளரில் பிழிந்து, சிறிது தண்ணீர் விட்டு, துணியால் மூடி நிழலில் வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பதைத் தடுக்கும். புளித்தால்தான் அது கரையும். குளிர்நாட்டுப் பக்குவத்தில் மூன்று, நான்கு நாள் என்று சொல்வார்கள். நம் வெப்பத்துக்கு ஒன்று, இரண்டு நாளே போதும். அதற்கு மேல் விட்டால் டம்ளருக்குள்ளேயே முளை கட்டிவிடும்.

டீ வடிகட்டியில் ஊற்றி, ஓடும் தண்ணீரில் அலசி, எவர்சில்வர் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் விதை ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது பிய்யும். நன்றாகக் காய்ந்ததும் காகித உறையில் போட்டு, உறையின் மேல் எழுதி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் பல வருடம் முளைப்புத்திறன் கெடாது.

8. முதல் தலைமுறை: மூன்று செடி போதும்

கலப்பு விதையில் வரும் செடிகள்தான் எஃப்-1. பெற்றோர் இரண்டும் தூய ரகம் என்றால் இவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் மூன்று செடிக்கு மேல் வளர்ப்பது இடத்தை வீணாக்குவதே.

நம் கலப்பில் எஃப்-1 கொடியாக ஓடும், பழம் சிவப்பாக இருக்கும். எடை இரண்டு பெற்றோருக்கும் நடுவில் வரும். ஆனால் கூட்டிப் பாதியாக்கிய கணக்கில் அல்ல. தக்காளியில் சிறிய பழத்தின் பக்கம் சாய்வு அதிகம். இரண்டு எடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். 60-ஐ 15-ஆல் பெருக்கினால் 900, வர்க்கமூலம் 30 கிராம்.

கொடி, சிவப்பு, 30 கிராம். நாம் கேட்ட வளர்ச்சியும் இல்லை, நிறமும் இல்லை, அளவும் இல்லை! இங்கே மனம் தளர்ந்து பிடுங்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையானது எல்லாம் அந்தச் செடிக்குள் ஒளிந்திருக்கிறது, அடுத்த தலைமுறையில் வெளியே வரும். ஒரு கொத்துக்கு வலைத்துணிப் பை கட்டி, அதில் வரும் இரண்டு, மூன்று பழங்களிலிருந்து விதை எடுங்கள். நமக்கு வேண்டிய அளவுக்கு அதுவே தாராளம்.

எஃப்-1 செடி குத்தாக நின்றுவிட்டால் கலப்புப் பிடிக்கவில்லை. அந்த விதையைத் தொடராதீர்கள்.

9. இரண்டாம் தலைமுறை: ரகம் பிறக்கும் இடம்

மெண்டல் கணக்குப்படி ஒரு ஒடுங்கு பண்பு எஃப்-2 செடிகளில் நான்கில் ஒன்றில் வெளிப்படும். இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே செடியில் சேர்வது பதினாறில் ஒன்று, மூன்று சேர்வது 64-இல் ஒன்று. இது சராசரிதான். பதினாறு செடி வைத்தால் ஒன்று நிச்சயம் என்று நினைப்பது பொதுவான தவறு. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் ஒரு பண்புக்கு 11 செடி, இரண்டுக்கு 47, மூன்றுக்கு 191 செடி வளர்க்க வேண்டும்.

மாடியில் இதைச் சமாளிக்கும் வழி, படிப்படியாகக் கழிப்பது. 64 விதை முளைக்க வைத்து, 8 அங்குலச் சிறு பைகளில் நெருக்கமாக வையுங்கள். ஆறடிக்கு ஆறடி இடம் போதும். இரண்டாவது பூங்கொத்து வரும்வரை பொறுங்கள். பிறகு இரண்டு கொத்துகளுக்கு நடுவே எத்தனை இலை என்று எண்ணுங்கள். கொடி வகையில் பெரும்பாலும் மூன்று இலை இருக்கும். செடி வகையில் ஒன்றோ இரண்டோதான். கடைசியில் தண்டின் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும். உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நிழலில் நின்ற குத்துச்செடியும் நெட்டையாகத் தெரியும்.

கொடிகளைக் கழித்தால் ஏறக்குறைய 16 செடிகள் மிஞ்சும். இவற்றை மட்டும் 12 அங்குலப் பைகளுக்கு மாற்றுங்கள். பாதி கோகோபீட் (தென்னை நார்க்கழிவு), மீதி செம்மண்ணும் மண்புழு உரமும், எல்லாப் பைகளுக்கும் ஒரே கலவை. ஒரு பைக்கு மட்டும் உரம் அதிகம் போனால், பிறகு நல்ல காய்ப்பு செடியினாலா உரத்தினாலா என்று சொல்ல முடியாது. தாய், தந்தைச் செடிகளையும் தலா ஒன்று இவற்றின் நடுவிலேயே வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவை கண்முன் இருக்க வேண்டும்.

அந்த 16-இல் நான்கு கரும்பழுப்பாக வரும் என்று எதிர்பார்க்கலாம். கரும்பழுப்புச் செடிகளில் அடி இலை முதிரும்போது மஞ்சளாகாமல் பச்சை நிறத்தோடே காயும். அது முன்கூட்டியே கிடைக்கும் ஒரு குறிப்பு, தீர்ப்புக்குப் பழம் பழுக்க வேண்டும்.

நான்கும் ருசியில் சுமார் என்றால்? சிவப்பாகக் காய்த்த குத்துச்செடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு செடிகள் கரும்பழுப்பை உள்ளே சுமந்திருக்கும். அருமையான ருசியும் அளவான பழமும் உள்ள ஒரு சிவப்புச் செடியின் விதையைப் போட்டால், அடுத்த தலைமுறையில் அந்த ருசியைக் கொண்ட கரும்பழுப்புச் செடி கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிறத்தைப் பிறகு பிடிக்கலாம். பல மரபணுக்கள் சேர்ந்து வரும் ருசியைக் கைவிட்டால் திரும்பப் பிடிப்பது கடினம். எனவே எஃப்-2-வில் என் முதல் ஓட்டு எப்போதும் ருசிக்குத்தான்.

10. ருசியை எப்படித் தீர்மானிப்பது

முதல் கொத்தின் முதல் பழத்தைச் சாப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது கொத்துகளிலிருந்து தலா இரண்டு பழம், ஒரே அளவு பழுத்தவையாக எடுங்கள். கனமழை பெய்த மறுநாள் எடுத்தால் எல்லாமே சப்பென்று இருக்கும், இரண்டு மூன்று நாள் விட்டு எடுங்கள்.

கிண்ணங்களில் எண் மட்டும் ஒட்டி, வீட்டில் மூன்று பேரிடம் கொடுங்கள். செடியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுபவர் அழகான செடிக்கே அதிக மதிப்பெண் போடுவார். இனிப்பு, புளிப்பு, தோலின் கடினம் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சாற்றின் இனிப்பைப் பிரிக்ஸ் என்ற அளவில் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்க முடிந்தால் நல்லது. சமையல் தக்காளி பொதுவாக 4, 5 பிரிக்ஸ் காட்டும். நல்ல செர்ரி தக்காளி 7-க்கு மேல் போகும். ஆனால் கருவி இனிப்பைச் சொல்லும், மணத்தைச் சொல்லாது. புளிப்பே இல்லாத இனிப்புப் பழம் நாலாவது பழத்திலேயே திகட்டிவிடும்.

மழைக்குப் பிறகு எந்தச் செடியின் பழம் வெடிக்கிறது என்றும் குறியுங்கள். மெல்லிய தோல் வாய்க்கு இதமாக இருக்கும், மழைக்குத் தாங்காது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

11. நோயும் வெப்பமும்

நம் ஊரில் தக்காளியைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய். நாற்று நிலையிலேயே இலை சுருண்டு குறுகிய செடியைத் தயங்காமல் அகற்றுங்கள், பக்கத்துச் செடிகளுக்கும் அதுவே மூலமாகிவிடும். ஆனால் நோய் வராத ஒரு செடியைப் பார்த்து, இதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். ஈ அதில் உட்காராமல் தப்பியிருக்கலாம். அதே குடும்பத்தில் பல செடிகள், இரண்டு மூன்று பட்டங்கள் தொடர்ந்து தாங்கினால் நம்பலாம்.

வெப்பம் தாங்குவதைச் சோதிக்க எஃப்-3 அல்லது எஃப்-4 விதையில் ஒரு பகுதியை ஜனவரி கடைசியில் விதையுங்கள். அவை மார்ச் பாதியிலிருந்து பூக்கும். சித்திரை வெயில் ஏறும்போது பூவும் பிஞ்சும் செடியில் இருக்கும். ஒவ்வொரு செடியிலும் ஒரு கொத்தில் எத்தனை பூ, எத்தனை பிஞ்சு என்று எண்ணி எழுதுங்கள். நம் மாடிக்கென்று ஒரு ரகத்தை நாமே உருவாக்குவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெளிநாட்டு விதை பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும், ஏப்ரலில் நம் வெயிலில் நிற்கும் செடி எது என்பதை நம் மாடிதான் சொல்ல முடியும்.

12. மூன்றாம் தலைமுறை முதல் ஆறாம் தலைமுறை வரை

எஃப்-2-வில் சிறந்த மூன்று, நான்கு செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனி உறையில் வையுங்கள். கலக்கவே கூடாது. ஒவ்வொன்றிலிருந்தும் எட்டு முதல் பத்து செடி வளர்த்தால் அது ஒரு குடும்பம். முதலில் நல்ல குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதற்குள் நல்ல செடியைத் தேர்ந்தெடுங்கள். எட்டுச் செடியும் ஓரளவு நன்றாக இருக்கும் குடும்பம், ஒரே ஒரு செடி மட்டும் பிரமாதமாக இருக்கும் குடும்பத்தைவிட நம்பகமானது.

எண் வைக்கும் முறை எளிமையாக இருக்கட்டும். கலப்புக்கு ஓர் எழுத்து, எஃப்-2 செடி எண், எஃப்-3 செடி எண் என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ‘க-7-3-2’ என்றால் க கலப்பு, ஏழாம் செடி, அதன் மூன்றாம் பிள்ளை, அதன் இரண்டாம் பிள்ளை. பெயரைப் பார்த்தாலே பரம்பரை தெரியும், எத்தனையாவது தலைமுறை என்றும் தெரியும்.

ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளே கலந்திருக்கும் மரபணுக்கள் பாதியாகக் குறையும். பெற்றோர் வேறுபட்ட இடங்களில் எஃப்-2-வில் 50 சதவீதம் கலப்பாக இருக்கும். எஃப்-3-இல் 25, எஃப்-4-இல் 12.5, எஃப்-5-இல் ஆறேகால், எஃப்-6-இல் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால் எஃப்-3-இல் செடிகள் வேறுபடுவதைப் பார்த்துத் தவறு நடந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். எஃப்-6-இல் பத்துச் செடியும் ஒன்றுபோல நின்றால் ரகம் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஒன்றிரண்டு மாறினால் இன்னும் ஒரு தலைமுறை போகட்டும்.

பழம் இன்னும் பெரிதாகவே வருகிறது என்றால், பிடித்த எஃப்-2 செடியை மீண்டும் பிளாக் செர்ரியோடு கலப்புச் செய்யலாம். வேலை ஒரு வருடம் நீளும், ஆனால் அளவு உறுதியாக இறங்கும்.

இடமே இல்லாதவர்கள் எஃப்-2-விலிருந்து எஃப்-5 வரை ஒவ்வொரு செடிக்கும் ஒரே ஒரு விதையை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போகலாம். சிறு பையில் வளர்த்து, முதல் பழம் பழுத்ததும் விதை எடுத்து, செடியை அகற்றிவிடலாம். தேர்வை எஃப்-5-இல் தொடங்கினால் போதும்.

விதையிலிருந்து விதை வரை நமக்கு நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தலைமுறை எளிதாக எடுக்கலாம். புதிய குட்டை ரகங்களை உருவாக்க 2005-இல் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டத்தில் அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்கே ஸ்மாலும் கைகோத்தார்கள். இரண்டு அரைக்கோளங்களிலும் கோடை மாறி மாறி வருவதால் அவர்களது குழுவுக்கு வருடத்துக்கு இரண்டு தலைமுறை சாத்தியமானது. அது நமக்கு ஒரே மாடியில் கிடைக்கிறது.

13. விதை கலக்காமல் பார்த்துக்கொள்ளுதல்

தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பை கட்டத் தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். செர்ரி வகைகளில் அதை அப்படியே நம்ப வேண்டாம். சில ரகங்களில் சூல்முடி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வெப்பத்தில் இந்த நீட்சி இன்னும் கூடும். நம் ஊர் நீலப்பட்டைத் தேனீயும் மரத்தைத் துளைக்கும் கருவண்டும் பூவைப் பிடித்து அதிர வைத்து மகரந்தம் எடுப்பவை. அவை ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போனால் உங்கள் நாலு வருட வேலை கலந்துவிடும்.

விதைக்கென்று ஒதுக்கும் கொத்தில், மொட்டு விரியும் முன்பே வலைத்துணிப் பையைக் கட்டுங்கள். தினமும் காலையில் பையோடு லேசாக ஆட்டிவிடுங்கள், காற்று குறைந்த இடத்தில் அதுதான் பிஞ்சு பிடிக்க வைக்கும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் பையைக் கழற்றி, காம்பில் நூல் கட்டிவிடுங்கள்.

14. பெயர் வைப்பதும் பகிர்வதும்

ரகம் நிலைத்த பிறகு பெயர் வையுங்கள். எஃப்-3-இலேயே பெயர் வைத்து விதை கொடுத்தால், ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி வளர்ந்து அந்தப் பெயரே கெட்டுப்போகும். முன்பே கொடுக்க வேண்டியிருந்தால் பெயர் இல்லாமல் எண்ணோடு கொடுங்கள், இன்னும் பிரியும் என்று சொல்லிக் கொடுங்கள்.

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பதிவு பெற்ற ரகத்தையும் புதிய ரகம் உருவாக்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த இடம் தருகிறது. விவசாயிகள் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் பகிரவும் அதில் உரிமை உண்டு. பதிவு பெற்ற ரகத்தின் விதையை அதன் பிராண்டு பெயரில் விற்பதுதான் கூடாது.

ஒவ்வொரு தலைமுறையிலிருந்தும் கொஞ்சம் விதையை இருப்பில் வையுங்கள். ஒரு பட்டம் முழுக்க நோயில் போனாலும் ஒரு படி மட்டும் பின்னால் போய்த் தொடரலாம். எஃப்-6 விதையில் ஒரு பங்கை வேறு ஊரில் இருக்கும் நண்பருக்கு அனுப்புங்கள். முடிந்தால் ஒருவர் கடலோரம், ஒருவர் கொங்குப் பக்கம். விதைத்த தேதி, முதல் பழம் வந்த தேதி, செடியின் உயரம், பத்துப் பழத்தின் மொத்த எடை, நோய் வந்ததா என்ற ஐந்தை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.